காய்ச்சல் வர வேண்டுமென்று காத்திருந்தேன்

எங்கள் ஊர் மாட்டாஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருக்கும் டாக்டரம்மா போன மாதம் என் வீட்டுக்கு வந்து ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, எல்லாரும் டவுனுக்கு மாத்திக் குடுங்கன்னு மனுப் போடுறாங்க. எனக்கு இந்த ஊசிக்கல்பட்டி பிடிச்சுப் போச்சு. நீங்க சர்வீஸ் முழுக்க இங்கேயே இருந்தீங்களாமே? யாரைப் பிடிச்சீங்க, எப்படி மனு எழுதினீங்க, கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனு எழுதினேன்தான். ஆனால் அது மனு இல்லை. வாயால் சொன்னால் நடுவில் நிறுத்திவிடுவேன் என்பதால் எழுதித் தருகிறேன் என்றேன். எழுதுகிறேன்.

நான் பயந்த சுபாவம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வாசலில் சைக்கிள் மணி கேட்டால் தந்தியோ என்று நினைக்கிற ஜாதி. இப்படிப்பட்டவன் பஸ் போகாத ஊரில் தனியாக வேலை பார்க்க ஆசைப்பட்டதற்கு ஒரு காரணம் இருந்தது.

திண்டுக்கல்லில் எங்கப்பாவுக்குத் தோல் ஷாப்பில் வேலை. சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி நாள் முழுக்கத் தோலைப் புரட்டிப் போடுவார். அந்த வாடை எங்கள் வீட்டுச் சோற்றில் இருக்கும், தலையணையில் இருக்கும், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போகிற சட்டையிலும் இருக்கும். சில வருசம் கிராமப் பக்கம் மாட்டுக்கு வெக்கை நோய் வரும். வாயெல்லாம் புண்ணாகி, கண்ணில் நீர் வடிந்து, கழிந்து கழிந்து கொட்டம் கொட்டமாக மாடுகள் சாகும். அப்போது தோல் ஷாப்புக்கு வண்டி வண்டியாகத் தோல் வந்து இறங்கும். அப்பாவுக்கு ஓவர்டைம். அங்கே மாடு செத்தால் இங்கே எங்கள் வீட்டில் கறிக்குழம்பு. சின்ன வயதில் அது புரியவில்லை. புரிந்த நாளிலிருந்து குழம்பு இறங்கவில்லை. தோலோடு நிற்கிற மாட்டைப் பார்க்கிற வேலை, அந்த மாடுகள் இருக்கிற ஊரிலேயே வேண்டும் என்று மனசில் முடிச்சுப் போட்டுவிட்டேன்.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருசம் இருக்கும். எஸ்.எஸ்.எல்.சி. முடித்திருந்தேன். மாட்டாஸ்பத்திரிகளுக்கு ஸ்டாக்மேன் காம்பவுண்டர் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போட்டேன், கிடைத்தது. பயிற்சியில் மருந்து கலக்க, ஊசி போட, உதை வாங்கக் கற்றுக்கொடுத்தார்கள். மூன்றாவதில்தான் எனக்கு நல்ல தேர்ச்சி. முடிந்ததும் எந்த ஊர் வேண்டும் என்று கேட்டார்கள். மற்றவர்கள் மதுரை, திண்டுக்கல், பழனி என்றார்கள். "பஸ் போகாத ஊரு எதுனாலும் சரி சார்" என்றேன். கிளார்க் பேனாவை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

இப்படித்தான் ஊசிக்கல்பட்டி வந்தது. பழனி ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி நாலு மைல் வண்டிப்பாதையில் நடக்க வேண்டும். ஒரு ஓட்டு அறை, ஒரு மருந்து அலமாரி, வாசலில் மாட்டை நிறுத்திக் கட்ட ஒரு மரச்சட்டம், அவ்வளவுதான் ஆஸ்பத்திரி. முதல் நாள் காலையில் எழுந்து மூச்சை இழுத்தேன். வாடை இல்லை. வைக்கோலும் சாணியும் ஈரமண்ணும்தான் மணத்தது. அழுகை வந்துவிட்டது, சொல்ல வெட்கமில்லை. அன்றைக்கே பயமும் பிடித்துக்கொண்டது. முதல் ஒரு வருசம் தற்காலிகம். ஒரு ரிமார்க் விழுந்தால் வேலை போச்சு. அப்புறம் அப்பாவுக்குப் பக்கத்துத் தொட்டியில் நானும் இறங்க வேண்டியதுதான்.

அந்த ரிமார்க்கை எழுதும் கை டாக்டர் ராஜரத்தினத்தின் கை. பதினாலு மைல் தள்ளி இருந்த பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தார். சத்தம் போட மாட்டார், திட்ட மாட்டார். நாம் எதையாவது சொன்னால் கண்ணாடியைக் கழற்றி கைக்குட்டையால் துடைப்பார். துடைத்துக்கொண்டே, "கண்ணால பார்த்தீங்களா, நெனைச்சீங்களா?" என்பார். ஒருமுறை, ஒரு பசு மூன்று நாளாகத் தீனி எடுக்கவில்லை என்று மருந்து கேட்கப் போனேன். அதே கேள்வி. "மாட்டுக்காரர் சொன்னாரு சார்" என்றேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுத்த காகிதத்தை எடுத்துவிட்டார். போய்ப் பார்த்துவிட்டு வா என்று அர்த்தம். பதினாலு மைல் போய், பசுவைப் பார்த்து, பதினாலு மைல் திரும்பி வந்தேன். பசு நன்றாகத் தின்றுகொண்டிருந்தது, அது வேறு விசயம்.

வெக்கைத் தடுப்பு மருந்து அவரிடம்தான் இருக்கும், ஐஸ்பெட்டியில். சின்னக் கண்ணாடிக் குப்பியில் ஒரு சிட்டிகைத் தூள். அது உயிருள்ள மருந்து. சூடு பட்டால் செத்துவிடும். தெர்மாஸ் பிளாஸ்க்கில் ஐஸ் கட்டி போட்டு, அதற்குள் குப்பியை முக்கி எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஊசி போடுகிற இடத்தில்தான் குப்பியை உடைத்து உப்புத்தண்ணீரில் கரைக்க வேண்டும். ஒரு குப்பி ஏறத்தாழ ஐம்பது மாட்டுக்கு. கரைத்தால் ஒரு மணி நேரத்துக்குள் போட்டு முடித்துவிட வேண்டும். மருந்து பிடித்ததா என்று எப்படித் தெரியும்? மூன்றாம் நாள், நாலாம் நாள் மாட்டுக்குக் காய்ச்சல் வரும். காய்ச்சல் வந்தால் மருந்து வேலை செய்கிறது. வராவிட்டால் நாம் குத்தியது வெறும் தண்ணீர். பிளாஸ்க்கைக் கையில் கொடுக்கும்போது டாக்டர் சொன்னார், "இதும் நீங்களும் புருசன் பொண்டாட்டி. பிரிஞ்சு இருக்கக் கூடாது."

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதனால்தானோ என்னவோ அருமை தெரியவில்லை.

நான் வந்த ஏழாம் மாதம், மேற்கே நாலு மைலில் இருக்கிற ஆலங்குட்டையில் வெக்கை வந்துவிட்டது. எங்கள் ஊரில் ஊசி என்றால் யாரும் மாட்டை அவிழ்க்கத் தயாராக இல்லை. "ஊசி போட்டாக் காச்சல் வருமாம்ல. நல்லா இருக்குற மாட்டுக்கு எதுக்குய்யா காச்சல்?" என்றார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொன்னது பொன்னுத்தாயி அக்கா.

புருசன் இல்லாதவள். ஒரு கிணறு, அரைக் காணி வெங்காயத் தோட்டம், கமலை இழுக்க ஒரு ஜோடி காளை. ஒன்று மயிலை, இன்னொன்று செவலை. அந்த ஜோடி இறங்கி ஏறினால்தான் தோட்டத்துக்குத் தண்ணீர், அவளுக்குச் சோறு. கூட்டத்துக்கு நடுவில் நின்று, "ஏப்பா, காச்சல் வந்தா ரெண்டு நாள்ல போகும். வெக்கை வந்தா மாடு போகும். எது வேணும்னு பாத்துக்கங்க. எங்க மாட்டை நான் கட்டுறேன்" என்றாள். அவள் பேச்சைக் கேட்டு ஊரே மாட்டைக் கட்டிற்று.

சனிக்கிழமை காலையில் அவள் கிணற்றுப் புளியமரத்தடியில் ஊசி. நூற்று இருபது மாட்டுக்கு மேல் வந்து நிற்கிறது. நான் ஒரே ஆள், பிளாஸ்க்கில் மூன்று குப்பி. முதல் குப்பியை எடுத்து உடைத்துக் கரைத்தேன். பிளாஸ்க்கை மரத்தடியில் வைக்கப் போனேன். "வெயிலு திரும்பிரும் தம்பி, இங்க வைக்காதீங்க. உள்ள குதிருக்குப் பக்கத்துல நல்லா இருட்டா இருக்கும், குடுங்க" என்றாள். சரியாகத்தானே சொல்கிறாள் என்று கொடுத்துவிட்டேன். முதல் ஐம்பது மாடு முடிந்ததும், "அக்கா, இன்னொரு குப்பி" என்று குரல் கொடுத்தேன். கொண்டுவந்தாள். அப்புறம் மூன்றாவது. கை ஊசியில், கண் மாட்டின் காலில். குப்பி சில்லென்று இருக்கிறதா என்று கவனிக்கவில்லை. வீட்டுக்காரி முந்திக்கொள்ளக் கூடாது என்று தன் ஜோடியைக் கடைசியில்தான் பிடித்து வந்தாள். அதுதான் அங்கே மரியாதை.

உச்சி வெயிலில் முடித்து உட்கார்ந்தேன். சட்டையைப் பிழியலாம். பொன்னுத்தாயி அக்கா ஒரு பெரிய டம்ளரில் எலுமிச்சம்பழத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு பாதி குடித்துவிட்டேன். அப்போதுதான் பல் கூசியது.

டம்ளருக்குள் பார்த்தேன். ஐஸ்.

"ஏதுக்கா இது?"

"ஒங்க பிளாஸ்குல இருந்ததுதான். எல்லாத்தையும் எடுத்து உமிப்பானைக்குள்ள போட்டு வச்சேன். பழனித் திருவிழாவுல ஐஸ்காரன் அப்படித்தான் வச்சிருப்பான். நாள் பூராக் கையக் காலத் தூக்கி வேலை செய்ற புள்ளைக்குச் சில்லுனு குடுப்பமேன்னுதான்."

"எப்ப எடுத்தீங்க?"

"குடுத்த ஒடனே. பாவம், மருந்துக் குப்பி ரெண்டும் தண்ணிக்குள்ள முங்கிக் கெடந்துச்சு. ஈரம் பட்டா மருந்து கெட்டுப் போகும்ல? தொடச்சு, தண்ணியக் கொட்டிட்டு, பிளாஸ்க வெயில்ல கவுத்தி ஈரம் போக வச்சு, திரும்ப உள்ள வச்சேன்." முகத்தில் அத்தனை பெருமை. கசாயப் பொடியோ, திருநீறோ, எந்த மருந்தையும் ஈரம் படாமல் காப்பாற்றுகிறவள். அவள் மேல் என்ன குற்றம்?

நான் மிச்சத்தையும் குடித்தேன். ஏன் குடித்தேன் என்று கேட்காதீர்கள். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் போட்ட கணக்கு வேறு. குப்பியில் கொஞ்ச நேரம் குளிர் நின்றிருக்கும், மருந்து தப்பித்திருக்கலாம். மூன்றாம் நாள் காய்ச்சல் வந்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம். டாக்டருக்குத் தெரிய வேண்டாம், ரிமார்க் வேண்டாம், சுண்ணாம்புத் தொட்டி வேண்டாம். மாட்டுக்கெல்லாம் காவலான வனத்து அந்தோணியாரிடம் முழங்கால் போட்டு, "காய்ச்சல் வரணும் சாமி, ஊருக்கே காய்ச்சல் வரணும்" என்று வேண்டிக்கொண்டேன். இப்படி ஒரு வேண்டுதலை அவர் கேட்டிருக்க மாட்டார்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். முதல் குப்பி போட்ட மாடுகளுக்கு நல்ல காய்ச்சல். "நல்லா இருந்த மாட்டைப் படுக்க வச்சிட்டியேய்யா" என்று ஆள் ஆளுக்கு என்னைப் பிடித்துக் கத்தினார்கள். எனக்கு அவர்கள் காலில் விழுந்து கும்பிடலாம் போல இருந்தது. இரண்டாம் குப்பி மாடுகளில் ஒன்றிரண்டு சூடு காட்டின, மற்றவை இல்லை. மூன்றாம் குப்பியில் ஒன்றுமே இல்லை. மயிலையும் செவலையும் தொட்டியில் மூக்கை முக்கித் தவிடு உறிஞ்சிக்கொண்டிருந்தன.

புதன்கிழமையும் அப்படியே. காலையில் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை, பொழுது சாய ஒருமுறை அந்தக் காளைகளின் வாலைத் தூக்கினேன். செவலைக்கே அலுத்துப்போய் ஒரு உதை விட்டது.

"எதுக்குத் தம்பி சும்மா சும்மா பாக்குறீங்க? எங்க மாட்டுக்கு ஒண்ணும் ஆகல. ஊருல எல்லா மாடும் சொணங்கிக் கெடக்கு, எஞ்சோடி சிங்கம் மாதிரி நிக்குதுக. கண்ணு வச்சிராதீங்க" என்று சிரித்தாள். தெர்மாமீட்டரை உறையில் போடும்போது அடுத்து ஒன்று சொன்னாள். "வெள்ளிக்கிழமை வண்டி கட்டிக்கிட்டு மக ஊருக்குப் போறேன். அங்க வெங்காயம் பிடுங்கிப் போட்டிருக்காங்க, ஏத்தி எறக்க மாடில்ல. ஆலங்குட்டை வழியாத்தான் போகணும். போனா என்ன, ஊசி போட்ட மாடுதானே?"

அந்த நிமிசம் வாயைத் திறந்தேன். "அக்கா" என்றேன். "என்ன தம்பி?" என்றாள். "ஒண்ணுமில்லக்கா, வெள்ளிக்கிழமைதானே?" என்று கேட்டுவிட்டு வந்தேன். வெள்ளிக்கு ஒரு நாள் இருக்கிறது. வியாழக்கிழமை டாக்டரைப் பார்த்து, புது மருந்து வாங்கி வந்து, ஏதாவது சாக்குச் சொல்லி இன்னொரு ஊசி போட்டுவிடலாம். மறுபடியும் கணக்குத்தான். நான் கோழை என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம்.

வியாழன் விடிய சைக்கிளை மிதித்தேன். டாக்டர் முன்னால் நின்று, "மூணாவது குப்பி பிடிக்கல போல இருக்கு சார்" என்று ஆரம்பித்தேன்.

கண்ணாடி கழன்றது. "கண்ணால பார்த்தீங்களா, நெனைச்சீங்களா?"

வழியெல்லாம் மூன்று பொய் தயார் செய்திருந்தேன். அந்தக் கேள்விக்கு ஒன்றும் பொருந்தவில்லை. "பார்த்தேன் சார்" என்றேன். "எங்க?" "டம்ளர்ல சார்."

எல்லாவற்றையும் சொன்னேன். கைக்குட்டை நின்றுவிட்டது. "குடிச்சீங்களா?" என்றார். "குடிச்சேன் சார். முழுசும்." வெள்ளைத்தாளை என் பக்கம் நகர்த்தினார். "சொன்னதை அப்படியே எழுதுங்க. ஐஸ், உமிப்பானை, எல்லாம். சனிக்கிழமை தெரிஞ்சது, இன்னைக்கு வியாழக்கிழமைங்கிறதையும் எழுதுங்க." எழுதினேன். எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி கோணலாக வந்தது. அவர் வாங்கி மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். அப்புறம் தானே எழுந்து போய் மூன்று குப்பி எடுத்து, ஐஸ் போட்டு, பிளாஸ்க்கை என் கழுத்திலேயே மாட்டிவிட்டார். "போங்க" என்றார்.

ஊருக்குத் திரும்பியபோது மத்தியானம். பொன்னுத்தாயி அக்கா வீட்டு வாசலில் வண்டி இல்லை.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார், "வெள்ளிக்கிழமை மேக்க சூலமாம்ல. அதான் இன்னைக்கே கெளம்பிருச்சு. போயி ரெண்டு நாழிக இருக்கும்."

சைக்கிளைத் திருப்பினேன். மணலில் டயர் புதைகிற இடத்தில் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஆலங்குட்டைக் குளத்தங்கரையில் வண்டி அவிழ்ந்து நின்றது. காளை இரண்டும் தண்ணீர் குடித்துவிட்டுக் கரையேறிக்கொண்டிருந்தன. எதிர்க்கரையில் வாயில் எச்சில் ஒழுக ஒரு எருமை நின்றது.

"என்ன தம்பி, இம்புட்டு வேர்வை?"

"அக்கா, ஊசி பிடிக்கல. ஐஸ் இல்லாம மருந்து செத்துப் போச்சு."

ஒரு கணம் விழித்தாள். சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். "நாந்தானே எடுத்தேன்."

"இல்லக்கா. பிளாஸ்க்க நான் கையை விட்டு விட்டிருக்கக் கூடாது. தப்பு என்னோடது."

கையை இறக்கினாள். "ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே தெரியும்."

குளத்தைப் பார்த்தாள், காளைகளைப் பார்த்தாள். "அன்னைக்கே தெரிஞ்சா அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல தம்பி" என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

அங்கேயே மருந்தைக் கரைத்து இரண்டுக்கும் போட்டேன். வண்டியை ஊருக்குத் திருப்பினோம். அன்று மாலையே இரண்டாம், மூன்றாம் குப்பி மாடுகளையெல்லாம் திரும்பப் பிடிக்கச் சொல்லி, காரணத்தையும் சொல்லி, வசவு வாங்கிக்கொண்டே போட்டேன். ஐஸ் எடுத்தது யார் என்று மட்டும் சொல்லவில்லை. அவளேதான் எழுந்து நின்று சொன்னாள்.

அப்புறம் நடந்தது இதுதான். நாலாம் நாள் மயிலைக்கும் செவலைக்கும் காய்ச்சல் வந்தது. எந்தக் காய்ச்சலுக்காக வேண்டிக்கொண்டேனோ அதே காய்ச்சல். இப்போது அது ஊசிக் காய்ச்சலா, குளத்துக் காய்ச்சலா என்று எனக்குத் தெரியவில்லை. தினமும் வாயைப் பிளந்து ஈறில் புண் தெரிகிறதா என்று பார்த்தேன். செவலைக்கு இரண்டு நாளில் இறங்கிவிட்டது. மூன்றாம் நாள் மயிலையின் கீழ் உதட்டுக்குள் தவிடு ஒட்டிய மாதிரி வெள்ளையாக இருந்தது. விரலால் துடைத்தேன். தவிடு இல்லை.

எட்டு நாள் கிடந்து செத்தது. விதிப்படி ஆழக் குழி வெட்டி, யாரும் தோண்டி எடுக்காதபடி தோலைக் கத்தியால் கீறி, சுண்ணாம்பு போட்டு மூட வேண்டும். தோல் ஷாப்புக்காரன் மகன் நான். எந்தக் கீறலில் தோல் வீணாகும் என்று எனக்குத் தெரியும். நானேதான் கீறினேன். சுண்ணாம்பு வாடை ஏழு மாதம் கழித்து மறுபடி என் கையில் ஏறியது. ஊரில் வேறு மாடு எதுவும் சாகவில்லை.

மூன்று மாதம் கழித்து டாக்டர் கூப்பிட்டனுப்பினார். என் எழுத்து மேலே போய், உத்தரவு வந்திருந்தது. ஒரு வருசம் சம்பள உயர்வு கிடையாது. ஐந்து வருசத்துக்கு டவுன் ஆஸ்பத்திரி எதிலும் இடம் கிடையாது, தற்போதைய கிராமத்திலேயே இருக்க வேண்டும். படித்துவிட்டு நிமிர்ந்தேன். டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "தண்டனைன்னு போட்டிருக்கு சவரிமுத்து. மொகத்தக் கொஞ்சம் தொங்கப் போடுங்க" என்றார். ஐந்து வருசம் முடிந்த பிறகு இந்த ஊருக்கு வர வேறு ஆள் கிடைக்கவில்லை. நான் மாற்றல் கேட்கவும் இல்லை. டாக்டரம்மா, நான் போட்ட மனு இதுதான்.

உத்தரவைப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளில் வரும்போது சந்தோசம் பொங்கியது. பாதி வழியில் அது அடங்கிவிட்டது. மறுபடியும் ஒரு மாடு செத்து எனக்கு ஒரு நல்லது நடந்திருக்கிறது. அப்பா வீட்டுக் கறிக்குழம்பு மாதிரியேதான். பொன்னுத்தாயி அக்கா கிணற்றில் செவலைக்கு ஜோடியாகப் பக்கத்து வீட்டுக் காளையை முறை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் நான் மூன்று மாதமாகப் போகவில்லை. சுற்றி வேறு பாதையில்தான் போவேன்.

அன்றைக்குப் பாதையில் தண்ணீர் நின்றது. கிணற்றடி வழியாகத்தான் வர வேண்டியிருந்தது. தலையைக் குனிந்துகொண்டு மிதித்தேன்.

"ஏந்தம்பி, நில்லுங்க. தண்டனை குடுக்கத்தான் கூப்பிட்டாங்களாம்ல? எங்க தூக்கிப் போட்டாங்க?"

"எங்கயும் இல்லக்கா. இங்கயேதான் இருக்கணுமாம்."

கமலையை நிறுத்திவிட்டு உள்ளே போனாள். பெரிய டம்ளரோடு வந்தாள். அதே டம்ளர். என் கை நீளவில்லை. அவள் நீட்டியபடியே நின்றாள்.

"ஐஸ் இல்ல தம்பி. பயப்படாமக் குடிங்க."